மேலே வந்தவர்கள் கீழே பேசிய கதை

நீலகிரியில் 'கீழே' என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், அதற்கப்பால் உள்ள உலகம் முழுவதும். "கீழே போயிட்டு வரேன்" என்று ஒரு குன்னூர்க்காரர் கிளம்பினால் அவர் காரமடைக்குப் போகிறாரா டெல்லிக்குப் போகிறாரா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மேலே வருகிறவர்களுக்கோ முதல் ராத்திரியே ஒரு கவலை வந்துவிடும். கீழே இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது? அதற்கு எவ்வளவு ஆகும்?

1990களின் ஒரு மே மாதச் சீசனை நினைத்துப் பார்க்கலாம். ஊட்டி ஓட்டல் அறையில் டெலிபோன் இருக்கும். ஆனால் அதைத் தொட்டால் ஓட்டல்காரர் டெலிபோன் இலாகாவின் கட்டணத்தோடு தன் பங்கையும் சேர்த்துப் பில்லில் ஏற்றிவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் அறை போனைத் தொடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் சேரிங்கிராஸ் பக்கம் இறங்குவார்கள். அங்கே மஞ்சள் போர்டு மாட்டிய கடைகளில் கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. இரவு 11 மணிக்குப் பிறகு எஸ்.டி.டி. என்ற வெளியூர் நேரடி அழைப்புக்குக் கால் கட்டணம். அந்தக் குளிரிலும் கடைக்கு வெளியே கைகளைத் தேய்த்துக்கொண்டு வரிசை நின்றது.

சுற்றுலாக் கப்பலில் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். நடுக்கடலில் இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் கிடைக்கும். 2000களில் அதற்கு நிமிடத்துக்கு முக்கால் டாலர் வரை வாங்கிய கப்பல்கள் உண்டு. ஆகவே துறைமுகத்தில் ஏணி இறங்கியதும் பயணிகளில் பாதிப் பேர் கோட்டையைப் பார்க்கப் போவார்கள். மீதிப் பேர் மலிவான இணையம் எங்கே என்று தேடுவார்கள். கப்பலில் வேலை பார்க்கும் பையன்கள் எங்கேயும் சுற்றாமல் நேராக மாலுமிகள் கிளப்புக்குப் போய்ப் போனை எடுப்பார்கள். ஊட்டி ஓட்டல் அறைக்கும் கப்பல் அறைக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் கம்பி முதலாளி கையில். மலிவான கம்பி வெளியே கடைத்தெருவில்.

இந்தத் தேடலுக்கு நீலகிரியில் ஏறக்குறைய இருநூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அதன் தொடக்கத்திலும் கப்பலிலிருந்து கரையிறங்கிய ஒருவர்தான் நிற்கிறார்.

1834 ஜூன் மாதம் சென்னைக் கடற்கரையில் வந்திறங்கினார் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. கல்கத்தாவுக்குப் போய்ப் பதவி ஏற்க வேண்டியவர். ஆனால் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடம்பு தேறுவதற்காக ஊட்டியில் இருந்தார். அங்கே வரும்படி அழைப்பு. பெங்களூர், மைசூர் வழியாகப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலையில் ஏறிப் பார்த்து அப்போது பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. குளிரையும் மழையையும் பார்த்துக்கொண்டு சில வாரங்கள் மெக்காலே அங்கே தங்கினார். அதே ஆகஸ்டில் இங்கிலாந்தில் அவர் உயிராக நேசித்த தங்கை மார்கரெட் காய்ச்சலில் இறந்துபோனார். அந்தச் செய்தி கப்பலேறி இவர் கைக்கு வந்து சேர்ந்தபோது மாதங்கள் ஓடிவிட்டன. அவரும் கல்கத்தாவுக்குப் போய்விட்டிருந்தார். இந்தியாவின் சட்டத்தை எழுதப்போகிறவருக்கே நிலைமை அதுதான் என்றால், அவர் பல்லக்கைத் தூக்கி வந்தவர்கள் வீட்டுச் செய்தியை எப்படித் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று யோசிக்கவும் தோன்றுகிறது.

அந்தக் காலத்துத் தபாலுக்குத் தூரத்தைப் பொறுத்துக் காசு. ஓட்டக்காரர்கள் தோளில் பையோடு மாறி மாறி ஓடிக் கொண்டுசேர்ப்பார்கள். தூரம் கூடக் கூட விலையும் ஏறும். மலையுச்சியில் இருப்பவனுக்கு எல்லாமே தூரம். 1854இல் தபால் இலாகா இதை மாற்றியது: எடை கால் தோலாவுக்குள் இருந்தால் எந்த ஊருக்கும் அரையணா. 1879இல் கால் அணா தபால் கார்டு வந்தது. அடுத்த வருடம் மணியார்டர்.

நீலகிரித் தேயிலையின் கதையைச் சொல்லும்போது தோட்டத் துரைகளையும் நாற்றங்கால்களையும் பற்றியே பேசுவது வழக்கம். கார்டையும் மணியார்டரையும் யாரும் சொல்வதில்லை. சேலத்திலிருந்தும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் மைசூர்ச் சீமையிலிருந்தும் மேஸ்திரிகளின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறிய குடும்பங்களை ஊரோடு ஒட்டவைத்திருந்தவை இந்த இரண்டும்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்து தெரிந்த யாராவது எழுதிக் கொடுப்பார்கள். ஊரில் தபால்காரரே படித்துக் காட்டிவிட்டுப் போவார். கார்டில் ரகசியம் எதுவும் கிடையாது. அந்த விலைக்கு ரகசியம் கேட்கவும் முடியாது.

துரைமார்களின் கம்பி வேறு. 1853இல் ஓஷானஸி என்ற வைத்தியர் தலைமையில் இந்தியாவின் முதல் பெரிய தந்தி வலையைப் போட ஆரம்பித்தார்கள். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், பெஷாவர், சென்னை, பெங்களூர் என்று பெரிய ஊர்களாகவே இருந்த அந்தப் பட்டியலில் உதகமண்டலமும் இருந்தது. எத்தனையோ பெரிய வியாபாரப் பட்டணங்கள் காத்திருக்க, முப்பது வருடம் சொச்சமே ஆகியிருந்த ஒரு மலைக் குடியேற்றத்துக்கு எதற்குத் தந்தி? கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1855இல் உடல்நலம் தேறுவதற்காக நீலகிரியில் தங்கியிருந்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால் விடை கிடைத்துவிடும். சர்க்கார் எங்கே போய் உட்காருகிறதோ அங்கே கம்பியும் போகும். பிறகு சென்னை மாகாண அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளோடு ஊட்டிக்கு ஏறத் தொடங்கியது. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் மலை ரயில் வந்தபோது தபால் பைகளும் அதில் ஏறிக்கொண்டன.

ஏழைக்குத் தந்தி என்றால் சாவுச் செய்தி. வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் நலம் விசாரிக்க யாரும் தந்தி அடிக்கமாட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் தந்திக்காரர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாண வாழ்த்துக்கு மட்டும் இலாகா ஒரு சிக்கன வழி வைத்திருந்தது. தயாராக எழுதிவைத்த வாசகங்களுக்கு எண் உண்டு. அந்த எண்ணைக் குறிப்பிட்டால் போதும், முழு வாழ்த்தும் போய்ச்சேரும். 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்பட்டபோது, வாழ்க்கையில் ஒரு தந்திகூட அடிக்காதவர்கள் நினைவுக்காக ஒன்று அடித்துப் பார்க்கத் தந்தி ஆபீசில் கூட்டம் போட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் டெலிபோன் பரவியது, மெதுவாகத்தான். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்யவேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். லைட்னிங் என்றால் சாதாரணக் கட்டணத்தைப்போல் எட்டு மடங்கு. வீட்டில் போன் இல்லாதவர்கள் கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு அருகில் 'பி.பி.' என்று அச்சடிப்பார்கள்.

அதே காலத்தில் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அங்கே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியைக் கட்டி முடித்தார்கள். மலைச்சரிவு ஏறக்குறைய 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்து முணுமுணுப்பு ஒட்டுக்கேட்கப்பட்ட அதே மலையில் கோயம்புத்தூருக்கு ஒரு டிரங்க் கால் கிடைக்க மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

காத்திருந்தவர்களில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி வந்தவர்களில் பல ஆயிரம் பேர் நீலகிரியில் குடியமர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பின்னால் அது டான்டீ நிறுவனமாகியது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று தோட்டங்கள் பரவின. ஒப்பந்தம் ஆட்களை எண்ணியதே தவிரக் குடும்பங்களைப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமை, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. அம்மா இந்தக் கரையில், மகள் அந்தக் கரையில்.

உள்ளூரில் 'சிலோன்காரர்கள்' என்று அழைக்கப்பட்ட இவர்களுக்கு ஹட்டனும் நுவரெலியாவும் திடீரென்று வெளிநாடாகிவிட்டன. கடிதம் போய்வர வாரங்களாகும். இலங்கை வானொலி மட்டும் காசில்லாமல் வந்தது. அதுவும் ஒருவழிப் பாதை. 1983 ஜூலைக் கலவரச் செய்தியைக் கேட்டுவிட்டு உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த லயங்கள் இந்த மலையில் ஏராளம். பிறகு கப்பலும் நின்றுபோனது. சர்வதேச அழைப்பு அவர்களது நாள்கூலிக்கு எட்டாத பொருள்.

அதனால்தான் மஞ்சள் போர்டு கடையின் வருகையை ஒரு சரித்திர நிகழ்ச்சி என்றே எழுதலாம். 1984இல் தொடங்கிய சி-டாட் உள்நாட்டிலேயே தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. சாம் பித்ரோடா முன்னின்று தள்ளிய கொள்கையால் ஆள் வைத்து நடத்தும் பொதுத் தொலைபேசிக் கடைகள் நாடெங்கும் முளைத்தன. மாற்றுத் திறனாளிகளுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகள் கல்லூரியும் இருப்பதால், குன்னூர்ப் பக்கத்தில் பூத் வைத்தவருக்கும் பேச வந்தவருக்கும் ராணுவ சம்பந்தம் இருப்பது சகஜம்.

கூண்டுக்குள் உள்ள சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும். பேசுகிறவர் கண் அதிலேயே இருக்கும். "சரி, வச்சிரட்டுமா" என்ற வாக்கியம் பல்ஸ் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் வரும். அந்தக் கணக்கில் தோட்டத்துப் பெண்கள் கைதேர்ந்தவர்களாக இருந்தார்கள். பேசி முடித்ததும் கடைக்காரரின் இயந்திரம் கிர்ரென்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வேறொரு உத்தி. 'கால் பேக்' என்ற போர்டு தொங்கும் கடைகளில் ஒரே நிமிடம் ஊருக்குப் பேசி, கடை எண்ணைக் கொடுத்துத் திருப்பிக் கூப்பிடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கடைக்காரருக்கு ஒரு சிறு தொகை. பெரிய பில் லண்டனில் ஏறும். ஊட்டியும் குன்னூரும் 0423, கூடலூர் 04262, கோத்தகிரி 04266 என்பது மலைக்காரர்களுக்கு வாய்ப்பாடாயிற்று.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டும். படங்களோடு கூடிய முழு இணைப்பு தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். ஊட்டியிலிருந்து அதைத் தொடவேண்டுமானால் இணைப்பு முனையம் இருக்கும் ஊருக்கு எஸ்.டி.டி. போடவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மீட்டர் ஓடும். பழைய தபால் ஓட்டக்காரர் காலத்துக் கணக்கு மறுபடி வந்துவிட்டது: மலையில் இருப்பவனுக்குத் தூரத்தின் விலை.

அதை உடைத்தது அரசுத் தொலைபேசித் துறையின் சஞ்சார்நெட் இணையச் சேவை. 172222 என்ற எண்ணை எந்த ஊரிலிருந்து சுழற்றினாலும் உள்ளூர் அழைப்பின் கட்டணம்தான். 1998 நவம்பரில் தனியாருக்கும் வழி திறந்துவிட்டது. சென்னையிலிருந்து கிளம்பிய சத்யம் இன்ஃபோவே முதலில் வந்தவர்களில் ஒன்று. இதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டின் சிறிய ஊர்களிலெல்லாம் 'பிரௌசிங் சென்டர்' என்ற சொல் பரவியது. 'சைபர் கஃபே' என்று போர்டில் இருந்தாலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. காபி கொடுக்காத கடையை எப்படிக் கஃபே என்பது? எஸ்.டி.டி. பூத்துக்காரர்கள் பலர் கூண்டைப் பிரித்த இடத்தில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்து நான்கு கம்ப்யூட்டர் போட்டார்கள். ஆரம்பத்தில் மணிக்கு நூறு ரூபாய் வரை இருந்த கட்டணம், கடைகள் பெருகப் பெருக முப்பது, இருபது என்று இறங்கியது.

மலைக்கடைகளுக்கென்று தனிக் கஷ்டங்கள் உண்டு. மாலையில் மூடுபனியும் தூறலும் இறங்கினால் டெலிபோன் லைனில் இரைச்சல் ஏறும். மோடம் கீச்சிட்டு, உறுமி, பாதியில் அறுந்துபோகும். மறுபடி இணைக்கவேண்டும், மறுபடி ஒரு கால். இடி இடித்தால் லைனைக் கழற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோடம் கருகும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுவதும் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாட்களில் சாலையோடு கம்பிகளும் போயின.

இருந்தும் கூட்டம் வந்தது. முதுகுப்பையோடு வந்த வெள்ளைக்காரர்கள் ஹாட்மெயில் திறந்தார்கள். டிஜிட்டல் கேமராவின் நினைவட்டை நிறைந்துவிட்டால் படங்களை சி.டி.யில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது முதல் இந்த மலை விடுதிப் பள்ளிகளின் ஊர். வீட்டுக்குக் கடிதம் எழுத நேரம் ஒதுக்கிய அந்தப் பள்ளிகளின் பழக்கத்தை மின்னஞ்சல் மெல்ல விழுங்கியது. வளைகுடாவில் இருக்கும் கணவனை வெப்கேமராவில் பார்க்கக் கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிளஸ் டூ ரிசல்ட் நாளில் கடை வாசலில் திருவிழா. தமிழ் எழுத்துரு இல்லாமல் பத்திரிகைத் தளங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கடைப் பையன் எங்கிருந்தோ எழுத்துருவை இறக்கிச் சரிசெய்துவிட்டுத் தனி மரியாதையோடு திரும்பிப் போவான். "அண்ணா, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பது இந்தக் கடைகளில் அதிகம் உச்சரிக்கப்பட்ட தமிழ் வாக்கியமாக இருந்திருக்கும்.

இந்த மலையின் கணக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கம்பியை அரசாங்கம் கொண்டுவந்தது. ஆனால் அதை ஏழை தொடும் விலைக்கு நறுக்கிக் கொடுத்தவர்கள் கடைத்தெருக்காரர்கள். 15,000 ரூபாய் இணையத்தை அரைமணிக்குப் பத்து ரூபாய் என்று சில்லறையாக விற்றது டீத்தூளைப் பொட்டலம் போட்டு விற்றதற்குச் சமமான காரியம். அவர்களுக்கு யாரும் நினைவுக்கல் வைக்கவில்லை.

வீழ்ச்சி வேகமாக வந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகண்ட அலைவரிசையை வீடுகளுக்கு விற்கத் தொடங்கியது. 2006 மார்ச்சில் 'ஒன் இந்தியா' திட்டத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றானதும் எஸ்.டி.டி. பூத்துக்கு உயிர் போய்விட்டது. 2011 விதிகள் பிரௌசிங் சென்டருக்கு வருகிறவர்களிடம் அடையாள அட்டை வாங்கவும் பதிவேட்டை ஒரு வருடம் பாதுகாக்கவும் சொல்லின. 2016 செப்டம்பரில் ஜியோ. மிஞ்சிய கடைகள் ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் என்று வேறு தொழிலுக்கு மாறிக்கொண்டன.

செல்போன் வந்த பிறகும் மலை தன் குணத்தை விடவில்லை. கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு குன்று நின்றால் போதும், போன் வெறும் டார்ச் லைட்தான். "அந்தப் பாறை மேல ஏறி நின்னா ரெண்டு கோடு வரும்" என்று வழிகாட்டும் தோட்டங்கள் மஞ்சூர், குந்தா, பந்தலூர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. 2018 தொடக்கத்தில் ஏர்செல் திடீரென்று படுத்துக்கொண்டபோது ஒரே சிம்மை நம்பியிருந்தவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாமல் திண்டாடினார்கள். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்குள் போனபோது, சிக்னல் இல்லாத குழந்தைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் துணை. ஒருவழிப் பாதை, அவர்களது தாத்தா பாட்டி கேட்ட இலங்கை வானொலியைப்போல.

இதற்கிடையே கப்பல்கள் முந்திக்கொண்டன. 2022இல் ராயல் கரீபியன் நிறுவனம் தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களை நம்பும் ஸ்டார்லிங்கைத் தன் கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தது. அட்லாண்டிக் நடுவே படம் பார்க்கலாம். குந்தா மலைமடிப்பில் ஒரு வாட்ஸ்அப் படம் இறங்கச் சில சமயம் பாறை ஏறவேண்டும்.

இப்போது இணையம் இல்லாமல் சொந்த வண்டியில் மலையேறவே முடியாது என்ற நிலையும் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அது தெரியாமல் வருகிறவர்கள் கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தைத் தாண்டுவதற்குள்ளேயே பாஸை எடுத்துக்கொள்வது நல்லது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்குப் பாஸ் தேவையில்லை.